ஓரக்கண் விசாரணை

மனித குலத்தின் வரலாறு என்பது, ஆழ்ந்து நோக்கினால், பார்வையின் வரலாறுதான். பார்வை நேராக இருந்த காலமெல்லாம் நாகரிகம் நிமிர்ந்து நின்றது. பார்வை பக்கவாட்டில் சாய்ந்த கணத்தில் பேரரசுகள் சரிந்தன.

இதைச் சொன்னவர் எங்கள் பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவர் குவாக் சார். 'ஆழ்ந்து நோக்கினால்' என்ற இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே பேரரசுகள் சரிந்த பகுதியை முழுக்க முழுக்கத் தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. தேர்வு ஒழுங்குக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதுவது என் வேலை. பாடம் நீதிநெறி, பெயர் தாக். அன்றைக்கு நான் சாட்சியும்கூட. இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஆளைத்தான் பள்ளியால் ஒதுக்க முடிந்தது.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய நாள் பள்ளியின் கடைசி வகுப்பான மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு ஆங்கில இடைத் தேர்வு. ஐந்தாம் வகுப்பறைக்குக் கண்காணிப்பாளர் நான். வொன்ஜு நகரில் மற்றப் பள்ளிகளைப்போல எங்கள் பள்ளியிலும் தேர்வு நாளில் ஒவ்வொரு அறைக்கும் ஓர் அம்மாவை அழைத்துப் பின்பக்கம் உட்கார வைப்பார்கள். தன் பிள்ளை படிக்கும் ஆண்டுக்கு அவரைப் போட மாட்டார்கள். 'கௌரவக் கண்காணிப்பாளர்' என்று கழுத்தில் ஓர் அட்டை மாட்டுவார்கள். குதிகால் செருப்புக் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, இருமல் கூடாது. தேர்வு முடிந்ததும் ஒரு தாளில் கருத்து எழுதித் தரவேண்டும். பதினோரு வருடமாக அந்தத் தாள்களைக் கோப்பில் சேர்த்து வருகிறேன். எல்லா அம்மாக்களும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: "பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது."

அன்று என் அறையில் உட்கார்ந்த பொமி அம்மா மட்டும் வேறொன்று எழுதிவிட்டார்: "ஜன்னலிலிருந்து மூன்றாம் வரிசை, நான்காம் மேசை. பக்கத்து மாணவியின் விடை அட்டையைப் பார்த்தாள். இரண்டு முறை."

அந்த மேசையில் இருந்தவள் மோ ஹேரின். பக்கத்தில் சோயுல், வகுப்பிலேயே முதல். விடை அட்டை என்றால், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்பிக் கணினியில் திருத்தும் அட்டை.

பார்த்தது உண்மையென்றால் ஆங்கிலத்தில் பூஜ்யம். விதி அப்படி, பாதி மதிப்பெண், எச்சரிக்கை என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஹேரின் சுன்சொன் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக இரண்டு வருடமாக மதிப்பெண் சேர்த்து வந்தவள். பள்ளியின் பரிந்துரைப் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. ஒரு பூஜ்யம் விழுந்தால் அந்தப் பெயர் அடிபடும், அடுத்த பெயர் ஏறும். மதிப்பெண்கள் மறுநாள் காலை உறுதியாகும் என்பதால் அன்று மாலை ஐந்து மணிக்குள் குழு முடிவெடுக்க வேண்டும். குவாக் சார் பேரரசுகளை முடித்தபோது மணி மூன்று நாற்பது.

குழுவில் ஐந்து பேர். தலைவர் துணைத் தலைமையாசிரியர் யொம். அப்புறம் குவாக் சார், கணக்கு ஆசிரியை மெங், இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர்களை நீங்கள் மறந்துவிடலாம், நாங்கள் அப்போதே மறந்துவிட்டோம்.

வெளியே தாழ்வாரத்தில் ஹேரினின் அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவைக் கடைக்காரர். வெளியாட்கள் உள்ளே போட்டுக்கொள்ளப் பள்ளி தரும் விருந்தினர் செருப்பு அவருக்குச் சிறியதாக இருந்ததால் குதிகால் பின்னால் தரையில் கிடந்தது. ஒரு பெட்டி வைட்டமின் பானம் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் வைத்திருந்தார். ஆசிரியர்கள் மாணவர் வீட்டிலிருந்து ஒரு குப்பி தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் அந்தப் பெட்டியை எடுக்கவும் முடியவில்லை, எடுத்துப் போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

முதலில் பொமி அம்மாவைக் கூப்பிட்டார்கள். சந்தைத் தெருவில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் துணைக்கறி விற்கும் கடை வைத்திருப்பவர். விதிமுறைத் துண்டறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் ஐந்து இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அதை முழுவதுமாகப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். எழுதிய எனக்கே இரண்டாம் பக்கம் ஞாபகமில்லை.

"பொமி அம்மா, நீங்க பின்னாடிதான உக்காந்திருந்தீங்க?" என்று யொம் சார் கேட்டார். "முதுகத்தான் பாத்திருப்பீங்க. கண்ணு எங்க போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சார், பதினெட்டு வருஷமா கடை நடத்துறேன். கூட்டத்துல யாரு காசு குடுக்காம எறால் டப்பாவுல கை வெக்கப் போறாங்கன்னு முதுகப் பாத்தே சொல்லிருவேன். கை வெக்கிறதுக்கு முன்னாடி தோள் சொல்லும்."

"தோள் என்ன சொல்லும்?"

"லேசா மேல ஏறும் சார். நல்ல புள்ளைங்களுக்குந்தான் ஏறும். நல்லவங்களுக்கு இன்னும் சாஸ்தியா ஏறும்."

மெங் டீச்சர் தன்னையறியாமல் தோளை இறக்கிக்கொண்டார்.

"தாக் சார், நீங்க அப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?" என்று யொம் சார் என்னிடம் திரும்பினார்.

"கதவோர வரிசையில விடை அட்டைக்கு முத்திரை குத்திட்டு இருந்தேன் சார்."

"ஒண்ணுமே பாக்கல?"

"முத்திரையப் பாத்தேன்."

அதை நானே குறிப்பேட்டில் எழுதினேன். எழுதும்போதுதான் அது எவ்வளவு கேவலமாகப் படிக்கிறது என்று தெரிந்தது.

பிறகு ஹேரின் வந்தாள். சீருடைச் சட்டையின் கைப்பொத்தான்கள் இரண்டையும் போட்டிருந்தாள். குவாக் சாருக்கு முன்னால் அவள் முதல் நாள் எழுதிக் கொடுத்த விளக்கத் தாள் இருந்தது. அதை அவர் நெருப்பைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டார்.

"இத நீதான் எழுதுனியா?"

"ஆமா சார்."

"படி."

ஹேரின் படித்தாள். "பேனா உருண்ட சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்போது சோயுலின் அட்டை கண்ணில் பட்டது. அது கிளான்ஸ் இல்லை. கிளிம்ப்ஸ். இருபத்து மூன்றாம் கேள்வியில் நீங்கள் கேட்டதுதான்."

அறையில் தண்ணீர் இயந்திரம் ஒருமுறை குமிழிவிட்டது.

இருபத்து மூன்றாம் கேள்வி குவாக் சாரின் செல்லப்பிள்ளை. ஐந்து வாக்கியங்கள், ஒன்றில் மட்டும் கிளான்ஸோ கிளிம்ப்ஸோ தவறாகப் பயன்பட்டிருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நூறில் முப்பது பேருக்குத்தான் சரியான விடை வந்திருந்தது. மீதி எழுபது பேரின் தோல்வியை அவர் முதல் நாளிலிருந்தே ஆசிரியர் அறையில் பாயசம்போலப் பரிமாறிக்கொண்டிருந்தார். ஹேரின் அந்த முப்பதில் ஒருத்தி.

"துணைத் தலைமையாசிரியர் அவர்களே," என்று குவாக் சார் எழுந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்; ஆகவே இம்முறை விஷயம் இருந்தது. "கிளான்ஸ்னா ஒருத்தர் செய்யுறது. கிளிம்ப்ஸ்னா ஒருத்தருக்கு நேர்றது. ரெண்டும் ஒரு நொடிப் பார்வைதான். ஆனா மொதலதுக்கு மனசு வேணும். ரெண்டாவதுக்குக் கண்ணு இருந்தாப் போதும். பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா ஆறு ஒரு வெட்டு தெரிஞ்சு மறையுதே, அது கிளிம்ப்ஸ். பக்கத்து சீட்டுக்காரர் போன்ல என்ன வந்திருக்குன்னு நீங்க கண்ண ஓட்டுறீங்களே, அது கிளான்ஸ்."

"நான் பஸ்ல வர்றதில்ல," என்றார் யொம் சார்.

"உதாரணத்துக்குச் சொன்னேன். இன்னொண்ணு பாருங்க. கிளிம்ப்ஸ் நமக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். கிளான்ஸ வீசலாம், குடுக்கலாம், திருடலாம். கவனிங்க, திருடலாம்! ஆங்கிலத்துல திருட்டுங்கிற வார்த்தை கிளான்ஸோடதான் சேரும், கிளிம்ப்ஸோட சேராது."

"அப்ப திருடுனது வார்த்தைதான், பொண்ணு இல்லையே," என்றார் மெங் டீச்சர்.

"டீச்சர், இது கணக்கு இல்ல."

"கணக்கா இருந்தா இந்நேரம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்போம்."

குவாக் சார் ஹேரினிடம் திரும்பினார். "அட்டை கண்ணுல பட்டுச்சுன்னு சொல்றியே, என்ன தெரிஞ்சுது?"

"கருப்புப் புள்ளிங்க தெரிஞ்சுது சார்."

"எந்தக் கேள்வியோட புள்ளி?"

"தெரியல சார்."

"புள்ளி தெரிஞ்சுது, நம்பர் தெரியல! பேப்பர்ல மீன் சுருட்டித் தந்தா மீன் தெரியும், பேப்பர் தெரியாது, அப்படித்தான?"

"பேனா உருண்டது நிசந்தான் சார்," என்று பொமி அம்மா மூலையிலிருந்து சொன்னார். ஹேரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஒரு தடவ உருண்டுச்சு. நானும் கேட்டேன். ஆனா தல ரெண்டு தடவ திரும்புச்சு."

வெளிச்சம் போய்விட்டது.

"ரெண்டாவது தடவ எதுக்கும்மா திரும்புன?" யொம் சாரின் குரல் தாழ்ந்திருந்தது. அவர் அப்படிப் பேசினால் முடிவு நெருங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"மணி பாத்தேன் சார்."

கடிகாரம் கரும்பலகைக்கு இடப்பக்கம். சோயுல் உட்கார்ந்திருந்ததும் இடப்பக்கம். நாங்கள் எல்லோரும் சுவரில் கடிகாரம் எங்கே இருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது என்று சற்று நேரம் யோசித்தோம்.

மெங் டீச்சர் இரண்டு விடை அட்டைகளையும் அருகருகே வைத்து ஏற்கெனவே பார்த்திருந்தார். முப்பத்திரண்டு கேள்வியில் முப்பது ஒத்துப் போயிற்று. இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். சரியான விடைகள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

"நான் சொல்றேன் எப்படின்னு," என்றார் குவாக் சார். "இருபத்து மூணாம் கேள்விக்கு இந்தப் பொண்ணு சரியா விடை எழுதியிருக்கு. கிளான்ஸுக்கும் கிளிம்ப்ஸுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச பொண்ணு. தெரிஞ்சதாலதான் விளக்கத் தாள்ல தனக்குச் சாதகமான வார்த்தையத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கு. தெரியாத பொண்ணா இருந்தா 'பாத்தேன்'னு எழுதியிருக்கும், நாம நம்பியிருப்போம்."

ஹேரின் வாயைத் திறந்தாள். அவளுடைய சரியான விடைதான் அவளுக்கு எதிரான சாட்சி என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க," என்றாள்.

"வெளிய நில்லும்மா," என்றார் யொம் சார்.

கதவு திறந்தபோது அப்பாவின் முகம் தெரிந்தது. ஹேரின் அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது கேட்டால் விடை வந்துவிடும் என்று பயந்த மாதிரி, அவர் அவள் தோளில் இருந்த ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டார். கதவு மூடிற்று. மணி நான்கு ஐந்து.

"ஓட்டுக்கு விட்ரலாமா?" என்றார் யொம் சார்.

ஓட்டுக்கு விட்டிருந்தால் அன்றே பூஜ்யம்தான். வாய் திறக்காத இருவரும் எப்போதும் குவாக் சார் கை போகும் பக்கம் கை தூக்குகிறவர்கள். மெங் டீச்சருக்கும் அது தெரியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த நேரத்தில் குவாக் சார் உட்கார்ந்திருக்கலாம். வென்ற மனிதர் உட்காருவதுதான் நல்லது. ஆனால் அவரிடம் இன்னும் ஒரு பத்தி பாக்கி இருந்தது.

"நேர்மையான மனசுக்குக் கழுத்து திரும்பாது," என்றார். "என்னையே எடுத்துக்குங்க. அந்த நாற்காலில என்ன உக்கார வையிங்க. அம்பது நிமிஷம் இல்ல, அஞ்சு மணி நேரம் உக்கார வையிங்க. என் கண்ணு என் தாள விட்டுப் போகாது. போனா அது கிளான்ஸ். கிளான்ஸ்னா குத்தம். நானா இருந்தாலும் குத்தந்தான்!"

"உக்காருங்க சார்," என்றார் மெங் டீச்சர்.

"நன்றி," என்று குவாக் சார் உட்காரப் போனார்.

"இங்க இல்ல. அஞ்சாம் ரூம்ல, ஹேரின் நாற்காலில. பொமி அம்மா பின்னாடி உக்காரட்டும். நீங்க எத்தன தடவ பாத்தீங்கன்னு அவங்க எழுதட்டும். விதில இருக்குல்ல சார், சந்தேகம்னா நடந்தத மறுபடி நடத்திப் பாக்கலாம்னு?"

"இருக்கா?" என்று யொம் சார் என்னைக் கேட்டார்.

"ரெண்டாம் பக்கத்துல இருக்கு," என்று பொமி அம்மா சொன்னார். அதன் கீழேயும் சிவப்புக் கோடு இருந்தது.

குவாக் சார் சிரித்தார். தாராளமான சிரிப்பு. "வெறும் மேசைய அரை மணி நேரம் பாக்கணும், அவ்வளவுதான?"

"வெறும் மேசையா இருந்தா யாருக்கு வேணா கழுத்து நிக்கும். பரிட்சை எழுதணும். நேரம் ஓடணும். அப்பத்தான் அது பரிட்சை."

"எழுதுறேனே. எதுல வேணா."

"இங்கிலீஷ்லயே எழுதுங்க சார். உங்க பேப்பர் வேணாம், அதுக்கு விடை உங்களுக்குத் தெரியும்."

யொம் சாரின் மேசையில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. அவர் மகன் மூன்றாம் வருடமாக அரசுப் பணித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். பையனுக்கு உதவலாமென்று அவரே படிக்க வாங்கியது. அதில் ஒரு பழைய ஆங்கில வினாத்தாள். இருபது கேள்வி, இருபது நிமிடம். நாடு முழுவதும் பட்டதாரிகள் அந்த இருபது கேள்விக்கு அஞ்சித் தனியறை எடுத்து, உப்பில்லாமல் தின்று, முடி வளர்த்துப் படிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். குவாக் சாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"இதுக்கு மார்க் போடுவீங்களா?" என்றார்.

"சேச்சே," என்றார் யொம் சார்.

"போட்டா என்ன?" என்றார் மெங் டீச்சர்.

பின்வாங்க வழியில்லை. ஆங்கிலத் துறைத் தலைவர் ஆங்கிலத் தாளைக் கண்டு மறுக்க முடியாது.

நாங்கள் வரிசையாகத் தாழ்வாரத்தில் நடந்தோம். ஹேரினும் அப்பாவும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. துணைத் தலைமையாசிரியர் கையில் விடை அட்டைகளும், குவாக் சார் கையில் அட்டை நிரப்பும் பேனாவுமாக ஒரு கூட்டமே போவதைப் பார்த்து அப்பா குனிந்து வணங்கினார்.

ஐந்தாம் அறையில் மேசைகள் தேர்வு வரிசையிலேயே இருந்தன. குவாக் சார் ஹேரினின் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மேசைக்கடியில் போகவில்லை; ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தார். சோயுலின் இடத்தில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடைசியாக ஆங்கிலப் பரிட்சை எழுதியது இருபத்தாறு வருடத்துக்கு முன்பு. பொமி அம்மா கழுத்தில் அட்டையை நேராக்கிக்கொண்டு பின்பக்க நாற்காலிக்குப் போனார். காலில் துணிச் செருப்பு. அன்றைக்கும் சத்தமில்லாத செருப்பைத்தான் போட்டு வந்திருந்தார்.

"குவாக் சார், கழுத்து சௌக்கியமா?" என்றார் மெங் டீச்சர்.

"டீச்சர், நேரத்தப் பாருங்க."

"நேரத்தப் பாக்கத்தான் கடிகாரம் இடப்பக்கம் இருக்கு."

நான்கு இருபத்தைந்துக்குத் தொடங்கிற்று.

தேர்வு எழுதுகிற அறையின் அமைதி, காவல் காக்கிறவனுக்குத் தூக்கம் வரவழைக்கும். எழுதுகிறவனுக்கு அது எப்படியிருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். முதல் கேள்வியைப் படித்தபோது காதுக்குள் என் இரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பதினோரு வருடமாக இந்த அறைகளில் முத்திரை குத்தியிருக்கிறேன். இந்தச் சத்தம் முப்பது தலைகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

என் வலப்பக்கம் குவாக் சாரின் மூச்சு கேட்டது. முதல் ஐந்து நிமிடம் அது அரச நடையில் போயிற்று. பேனா தட்டித் தட்டிப் புள்ளி நிரப்பும் ஓசை ஒழுங்காக வந்தது. ஆறாவது நிமிடத்துக்கு மேல் ஓசை நின்றது. தாள் புரட்டும் சத்தம். மறுபடி திருப்பிப் புரட்டும் சத்தம். "ம்ம்," என்றார், தெரிந்த ஒருவரைத் தெருவில் பார்த்துப் பெயர் நினைவுக்கு வராதவர்போல.

நான் தலையைத் திருப்பவில்லை. அவர் என்னைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்தால் அதுவும் பார்வைதான். பின்னாலிருந்து பொமி அம்மாவின் பென்சில் கிறுக்கும் சத்தம் ஒருமுறை வந்தது. மெல்லிய சத்தம். குவாக் சாரின் நாற்காலி கிரீச்சிட்டது. சற்றுக் கழித்துப் பென்சில் மறுபடி கிறுக்கியது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றார் மெங் டீச்சர்.

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் ஹேரினின் முகம் இருந்தது. எப்போது வந்து நின்றாளோ தெரியாது. உள்ளே நடப்பது என்னவென்று புரிந்துவிட்ட முகம். அவளுடைய நாற்காலியில் அவளுடைய வாத்தியார் வியர்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியிலிருந்து விலகவில்லை. மூச்சுக்காற்று அதில் படிந்து படிந்து மறைந்தது.

பென்சில் சத்தம் அடுத்தடுத்து வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. எல்லாவற்றையும்விட அந்த நிறுத்தம்தான் பயமாக இருந்தது.

"நேரமாச்சு. பேனாவக் கீழ வையிங்க. கை தலைக்கு மேல."

வழக்கம் காரணமாக இருவரும் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டோம். நான் அட்டைகளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். யொம் சார் பொமி அம்மாவைக் கூப்பிட்டார்.

"எத்தன தடவம்மா?"

பொமி அம்மா தாளைப் பார்த்துப் படித்தார். "ஏழாவது நிமிஷம் ஒரு தடவ. பன்னெண்டாவது நிமிஷம் ஒண்ணு, அது கொஞ்சம் நீளம். பதினஞ்சுக்கு மேல…" என்று நிறுத்தினார். "பதினஞ்சுக்கு மேல எண்ணுறத விட்டுட்டேன் சார்."

குவாக் சார் எழுந்த வேகத்தில் மேசையும் அவரோடு எழுந்தது. "பொய்! நான் மணி பாத்தேன்!"

சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியத்தைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. கதவுப் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் முகம் இருந்தது. மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார்.

"சரி சார்," என்றார் மெங் டீச்சர், மிகவும் மரியாதையாக. "நீங்க பாத்தது கிளான்ஸா, கிளிம்ப்ஸா? குறிப்புல எழுதணும்."

"கிளான்ஸ்னா குத்தம்னு ஏற்கெனவே எழுதியாச்சு," என்றேன். உண்மையில் எழுதவில்லை. அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மணி நான்கு நாற்பத்தெட்டு. குவாக் சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஒரு மனிதனின் முப்பது வருட ஆங்கிலம் அவனுக்குள் அங்குமிங்கும் ஓடி வெளியேறும் வழி தேடுவதை நான் பார்த்தேன். பொமி அம்மா சொன்னது உண்மையென்றால் அவர் திருடன். அவர் சொன்ன விளக்கப்படியே. திருடன் இல்லையென்றால் அம்மா பார்த்தது பொய். மூன்றாவது வழி எந்த அகராதியிலும் இல்லை.

"அவங்க பின்னாடி இருந்தாங்க," என்றார் கடைசியில். "பின்னாடி இருந்து பாக்குறவங்களுக்குத் தல திரும்புறது தெரியும். கண்ணு எங்க போச்சுன்னு தெரியாது. கண்ணு தெரியாம கிளான்ஸ்னு சொல்ல முடியாது. அது… சாட்சி ஆகாது."

"இத எழுதலாமா?" என்றேன்.

"எழுதுங்க."

"ஹேரின் விஷயத்துக்கும் சேத்து?" என்று யொம் சார் கேட்டார்.

குவாக் சார் கைக்குட்டையை நான்காக மடித்தார். மெங் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தேன். மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போயிற்று. குவாக் சார் 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். தனக்கொரு நியாயம், பெண்ணுக்கொரு நியாயம் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு வேறு நாளில் இருந்திருக்கிறது. ஆனால் கவிழ்த்து வைத்த அட்டைகள் மேசையில் கிடந்தன. மெங் டீச்சரின் கை அவற்றுக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

"சேத்தே எழுதுங்க," என்றார்.

எழுதினேன். 'பார்வையின் தன்மையை உறுதிசெய்ய இயலாத காரணத்தால் நடவடிக்கை இல்லை.' ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். வாய் திறக்காத இருவரும் ஹேரினுக்காகக் கையெழுத்துப் போட்டு வரலாற்றில் இடம்பெற்றார்கள்.

"அப்ப என் கண்ணு பொய்யா சார்?" என்றார் பொமி அம்மா.

அவர் கழுத்து அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, என் குறிப்பேட்டின் மேல் வைத்தார். துண்டறிக்கையையும் வைத்தார். "இனிமே என்னக் கூப்பிடாதீங்க. கடையில ஆள் இல்ல," என்றார். அவர் போகும்போது செருப்புச் சத்தம் கேட்கவே இல்லை.

யொம் சார் தாழ்வாரத்துக்குப் போய்த் தீர்ப்பைச் சொன்னார். ஹேரின் அழவில்லை, கைப்பொத்தானை ஒருமுறை கழற்றி மறுபடி போட்டாள். அப்பாதான் அழுதார். அந்தப் பானப் பெட்டியை எடுத்து யொம் சாரிடம் நீட்டினார். யொம் சார் இரண்டடி பின்னால் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, "சட்டம், சட்டம்," என்றார். அப்பா பெட்டியைச் சுமந்துகொண்டு மகளோடு படியிறங்கினார். குவாக் சார் அதற்குள் பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்விட்டார்.

ஒத்திகை அட்டைகளை அழித்துவிடும்படி யொம் சார் சொன்னார். நான் அவற்றைத் தாள் அரைக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய், உள்ளே விடுவதற்கு முன் திருப்பிப் பார்த்தேன்.

என் அட்டையில் பன்னிரண்டாம் கேள்வியிலிருந்து கடைசிவரை எல்லா விடையும் மூன்று. அந்தக் கேள்விகளை நான் படிக்கவேயில்லை. ஒரே நேர்க்கோட்டில் நிரப்பிவிட்டேன்.

குவாக் சாரின் அட்டையில் பதினைந்தாம் கேள்வியிலிருந்து கடைசிவரை எல்லா விடையும் மூன்று.